பதினாறாம் வாய்ப்பாடு

பொறையாறு கடைத்தெருவில்
உர விளம்பர ஆட்டோ திரும்பியபோது
பள்ளிக்கூடச் சுவருக்குள்ளிருந்து
நாற்பது பிள்ளைகள் கூடவே கத்தினார்களாம்:
பதினாறு, முப்பத்திரண்டு, நாற்பத்தெட்டு.

என் மெட்டுக்கு.

ஒலிபெருக்கி கடைசியில் சொல்லும் எண்ணைக் குறித்து
உரக்கடைக்காரரைப் பிடித்து
அவர் வழியாக என்னைப் பிடித்துவிட்டார்
ஃப்ளோரன்ஸ் டீச்சர்.
"கலியபெருமாளா? எங்க வாய்ப்பாட்ட
நீங்க எங்க சார் கேட்டீங்க?"

பொறையாறுக்கு நான் போனதே இல்லை.
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
ஒரு சரக்கு வண்டி நீளத்துக்கு
பெட்ரோல் டாங்கில் விரல் தட்டிக் கிடைத்தது அது.
முனகிப் பதிந்த தேதி செல்போனில் இருக்கிறது:
மாசி ஒன்பது.
அவருடைய பாடக்குறிப்பு நோட்டில்
தலைமையாசிரியர் பச்சை மையில் கையெழுத்திட்டது
மாசி பன்னிரண்டு.
ஆட்டோ கிளம்பியதோ ஆடியில்.

மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்டில்
திருடனைப் பார்க்க வந்த முகத்தோடு வந்தார்.
இரண்டாவது டீயில் அது ஆறிப்போயிருந்தது.
"மோகனம்தானே டீச்சர், மொத்தம் அஞ்சு சுரம்.
அஞ்சு பேர் இருக்கற வீட்ல
ரெண்டு பேர் ஒரே நேரத்துல
குளியலறைக் கதவைத் தட்டறதில்லையா?"
சிரிக்கவில்லை.

காவிரி ஒன்று, வாய்க்கால்தான் வேறு
என்று ஆரம்பித்தேன்.
"ஆறு வேணாம் சார்.
ஆறுன்னா மேல ஒரு கல்லணை இருக்கும்.
நமக்கு மேல யார் இருந்தா?
இது நண்டு.
வரப்புக்கு இந்தப் பக்கம் ஒண்ணு தோண்டும்,
அந்தப் பக்கம் ஒண்ணு.
ஒண்ணையொண்ணு பாத்ததே கிடையாது.
விடிஞ்சு பாத்தா
என் வயல் தண்ணி உங்க வயல்ல."

எட்டாம் வரியில் மட்டும் பிரிந்திருந்தோம்.
நூற்றிருபத்தெட்டைத் திணிக்க
அவர் ஒரு படி கீழே இறங்கியிருந்தார்.
எனக்கு அந்த இடத்தில் 'கடனுக்கும் கிடைக்கும்';
மேலே ஏறியிருந்தேன்.
மாறி மாறிப் பாடிப் பார்த்தோம்.
கும்பகோணம் வண்டி நடத்துனர்
படியில் ஒரு காலோடு நின்று கேட்டார்.
அவருடைய இறக்கம்தான் நன்றாக இருந்தது.
நான் சொல்லவில்லை.

உரக்கடைக்காரர் மெட்டை மாற்றச் சொல்லவில்லை.
பிள்ளைகளுக்குப் பதினேழுக்கு வேறு மெட்டு வந்துவிட்டதாம்.

நேற்று மறுபடி கேட் மூடியிருந்தது.
எனக்குப் பின்னால், நான்கைந்து வண்டி தள்ளி,
யாரோ விசிலடித்துக்கொண்டிருந்தான்.
அதே மெட்டு.
விளம்பரம் கேட்டிருப்பான்,
அல்லது டீச்சரிடம் படித்த பையன்.
எட்டாம் வரிக்காகக் காத்திருந்தேன்.

கீழே இறங்கவில்லை.
மேலே ஏறவில்லை.
இருந்த சுரத்திலேயே இரண்டு தட்டு நின்று
அடுத்ததற்குப் போனான்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.
சரக்கு வண்டி
இன்னும் பாதிகூடக் கடக்கவில்லை.