மூன்றாம் பாகம்

ஒன்று வந்தது. இரண்டு வந்தது.
அடுத்து வந்தது நான்கு.
சிங்கப்பூரிலிருந்து தமீமின் அத்தா
பெட்டியைப் பிரிக்கும்போது
கோடாலித் தைலத்துக்கும் நைலக்ஸ் சேலைக்கும் நடுவே
கைவிட்டு எடுத்தோம் மஞ்சள் கேசட்டை.
அட்டையில் இருந்த எழுத்து தெரியாது.
எண் தெரியும்.
"மூணு எங்கத்தா?"
"கடையில இதான் இருந்துச்சு" என்றார்,
அரிசி விலை சொல்வதுபோல.

கூத்தாநல்லூரில் அந்த விளையாட்டுக்குப் பெயர்
படகுக்காரன்.
உண்மைப் பெயர் என்னவோ.
ஒரு தொப்பி, ஒரு துடுப்பு,
பதினாறு புள்ளியில் ஒரு முகம்.
இரண்டின் முடிவில்
இரு கையாலும் துடுப்பு வலித்து இருட்டுக்குள் போனவன்
நான்கின் தொடக்கத்தில்
ஒற்றைக் கையோடு கரையேறினான்.

இடது கை எங்கே?

அந்த மே மாதம் முழுக்க இதே பேச்சு.
ஆற்றில் மணல் மட்டும் கிடந்த மாதம்.
முதலை தின்றது என்றேன் நான்.
கடனுக்கு எழுதிக் கொடுத்திருப்பான் என்றாள் நாச்சியா,
தமீமின் தங்கை.
எங்கள் இருவருக்கும் உயிர் தீர்ந்த பிறகுதான்
அவள் முறை வரும்.
ஆனால் ரகசியக் குறிகள் அவளிடம் இருந்தன.
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
தெரியாத எழுத்துகளைப் படமாக வரைந்து
பெயரும் வைத்திருந்தாள்:
கால் ஒடிந்த ழ, கொக்கு, அரிவாள்,
சிரிக்கிற ங.
கரண்ட் போய்த் திரும்பினால்
அவள் வாசிக்க நான் அழுத்த
விட்ட இடத்திலேயே நிற்கும் படகு.
ஒருநாள் கொக்கு இரண்டு என்று பொய் சொன்னாள்.
முதலிலிருந்து ஆடினோம்.
மறுநாள் முதல் முறை மூன்றாய்ப் பிரிந்தது.

கடைசியில் நின்றது தமீம் சொன்னதுதான்:
"கரை உடைப்பெடுத்துச்சுடா.
மணல் மூட்டை வர்ற வரைக்கும்
கைய வெச்சு அடைச்சான்.
மூட்டை வந்துச்சு.
கைய எடுக்க முடியல."
எந்த ஊர் ஆறு என்று நாங்கள் கேட்கவில்லை.
எங்களுக்குத் தெரிந்தது ஓர் ஊர்.
உரச் சாக்கில் மணல் நிரப்பி
காய்ந்த வாய்க்காலில்
அந்த மூன்றாம் பாகத்தை ஆடியும் பார்த்தோம்.
என் பெயர் இமயவரம்பன்; ஆகவே
உடைவது எப்போதும் நான்.
"வரம்பு போச்சு! வரம்பு போச்சு!"

இருபத்தாறு வருடம் கழித்து, நேற்று,
திருவாரூரில் மன்னார்குடி பஸ்ஸுக்கு நிற்கையில்
போனுக்குள் இலவசமாய் வந்து இறங்கியது
மூன்று.
நான்கு பஸ்களை விட்டேன்.
விரலுக்குப் பழக்கம் போகவில்லை.
கண்ணாடி திருப்பி அழுத்துவதில்லை,
அது ஒன்றுதான் குறை.

கை போனது ஒரு கதவில்.
கோட்டைக் கதவு, சட்டென்று மூடுகிறது.
அவன் ஒரு முறை துள்ளினான்.
பின்னால் ஓடிய இசைகூட மாறவில்லை.
அடுத்த நிலை.

பஹ்ரைனில் தமீமுக்குச் சாப்பாட்டு நேரம்.
"மூணு கிடைச்சிருச்சுடா" என்றேன்.
தட்டில் கரண்டி வைக்கும் சத்தம்.
"கை?"
அவன் பக்கத்தில் யாரோ இந்தியில் விலை பேசினார்கள்.
"உடைப்புதான். நீ சொன்ன மாதிரியே."
"மூட்டை வந்துச்சா?"
"லேட்டா."
"சொன்னேன்ல" என்றான்.
"நாச்சியாகிட்ட சொல்லு, அவ நம்பவே இல்ல."
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
பிறகு கேட்டான்:
"ஆத்துல தண்ணி வந்துருச்சா?"
"மதகு வரைக்கும்."