ஐந்து பவுண்டு காற்று

புந்தா அரெனாஸில் காற்றைக் காசு கொடுத்து வாங்கியவள்
நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.
பிடித்துக்கொண்டு நடக்கத் தெருமுனைகளில் கயிறு கட்டும் ஊர்.
குப்பைத்தொட்டி தானாகவே
பக்கத்து வீட்டுக்குப் போய்வரும் ஊர்.

என் ஸ்டார்லெட் ஆயிரத்து முந்நூறு சிசி.
மேற்கிலிருந்து அடிக்கும்போது
நான்காம் கியரில் அறுபதைத் தாண்டாது.
ஆட்டு லாரிகள் கடந்துபோகும்.
ஆடுகள் என்னைத் திரும்பிப் பார்க்கும்.

பஹாமோந்தேயின் உடைசல் கிடங்கில்
கவிழ்ந்த நிசான் ஒன்றின் வயிற்றிலிருந்து எடுத்த டர்போ.
தொண்ணூறாயிரம் பெசோ. நத்தைக்கூட்டின் வடிவம், இரும்பின் கனம்.
மேலே வெள்ளைப் பெயின்டில் யாரோ
'ரூபென்' என்று எழுதியிருந்தார்கள்.
யாரென்று கேட்டேன். தோளைக் குலுக்கினான்.
சக்கரத்தை இரு விரலால் பிடித்து ஆட்டிக் காட்டினான்:
"பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம் அம்மா,
எண்ணெய் வந்தால் சரியாகிவிடும்.
முன்னும் பின்னும் ஆடினால்தான் போச்சு."

ஒட்டு வேலைக்கு ஓனோஃப்ரேயைக் கூப்பிட வேண்டியிருந்தது.
விவாகரத்தாகி மூன்று வருஷம்.
என்ன செய்ய, வார்ப்பிரும்பை ஒட்டத் தெரிந்த கை
கப்பல் பட்டறையில் அது ஒன்றுதான்.
வந்தான். வீட்டைப் பார்க்கவில்லை.
எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பார்த்தான்.
"இந்தச் செலவுக்கு வேறு காரே வாங்கலாம்" என்றான்.
அடுத்த மூச்சில், நிக்கல் குச்சி இருக்கிறதா என்றான்.

ஒரு அங்குலம் ஒட்டுவான், நிறுத்துவான், சுத்தியலால் தட்டுவான்.
முடிந்ததும் விறகடுப்புச் சாம்பலில் புதைத்தான்.
"அவசரமாக ஆறினால் விரிசல் விடும்.
விடியும்வரை தோண்டாதே."
தோண்டவில்லை.
அவன் சோபாவில் பூட்ஸோடு தூங்கினான்.

மறுநாள் எண்ணெய்த் தொட்டியில் துளை.
உள்ளே போகும் எண்ணெய்க்கு அழுத்தம் உண்டு,
திரும்பி வருவதற்குத் தள்ள ஆளில்லை,
சரிவு ஒன்றே கதி.
அந்தச் சரிவு கிடைக்க மூன்று மணி நேரம்.
டர்போ இல்லாமல் பிறந்த பிஸ்டன்களுக்கு
மேலே கொஞ்சம் இடம் விட, தடித்த செப்பு கேஸ்கெட்.
ஐந்து பவுண்டுக்கு மேல் ஆசைப்படாதே என்றான்.
ஏழு என்றேன்.
ஐந்து என்றான்.
முன்பு இதே தொனியில்
வேறு எண்களைப் பேசியிருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை, நத்தாலேஸ் சாலை.
எஞ்சினில் திருகிய செப்புக்குழாய்
டேஷ்போர்டைத் துளைத்து வந்து அவன் காதில் முடிந்தது.
நாடி பார்ப்பவன் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டான்.
மூவாயிரத்தில் அது விழித்தது:
முதலில் கொசு, பிறகு கொதிக்கும் கெட்டில், பிறகு
வெளியே வீசும் அதே காற்றின் குரல், உள்ளேயிருந்து.
இத்தனை நாள் நெற்றியில் கைவைத்துத் தள்ளியது
இப்போது முதுகில்.
எண்பது. தொண்ணூற்றைந்து.
ஆட்டு லாரியைக் கடந்தேன்.
ஆடுகளை நான் திரும்பிப் பார்த்தேன்.

"விடு."
"என்ன?"
"காலை எடு, யெர்கா. கூழாங்கல் சத்தம்."
எனக்குக் கேட்கவில்லை.
அவனுக்குக் கேட்டால் இருக்கும். எடுத்தேன்.
குடும்பம் நடத்திய ஒன்பது வருஷத்தில்
அவன் சொல்லி ஒருதடவைகூட எடுத்ததில்லை.

கழிமுகத்தின் ஓரம் நிறுத்தினேன்.
சாவியைத் தொட்டதும் மணிக்கட்டைப் பிடித்தான்.
"உடனே அணைத்தால் அச்சில் எண்ணெய் கருகும்.
இரண்டு நிமிஷம் ஓடட்டும்."
பிறகு கையை எடுத்து ஜன்னலைத் துடைத்தான்,
அதில் ஒன்றும் இல்லை.

இரண்டு நிமிஷம். ஐந்து.
பூநாரைகள் காற்றுக்கு முகம் கொடுத்து நின்றன.
கண்ணாடியில் லேசாக நீலப் புகை.
சீல் கசிகிறது. ரூபெனுக்கும் கசிந்திருக்கும்.
அவனும் பார்த்தான். சொல்லவில்லை.

பதினோராவது நிமிஷம்
"சூடு தணிந்திருக்கும்" என்றேன்.
"இல்லை" என்றான், முள்ளைப் பார்க்காமல்.

கதவைத் திறப்பதானால் இரண்டு கையாலும் பிடி,
காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும்
என்று சொல்ல வந்தேன்.
இந்த ஊரில் பிறந்தவனுக்கு
அதை நானா சொல்ல வேண்டும்?