பூஜ்யம் புள்ளி மூன்று

குஞ்சப்பனை வளைவில் மண் சரிந்து
இது இரண்டாவது நாள்.
கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டிய டப்பா
கீழே எங்கோ ஒரு லாரியில் தூங்குகிறது.
என்னிடம் மிச்சம் ஒரே ஒரு சிபிஎன் இன்சர்ட்,
அதிலும் நாலு முனையில் மூன்றுக்கு
மார்க்கரால் கறுப்புப் பொட்டு வைத்தாயிற்று.

கட்டபெட்டு ஃபாக்டரியில் ரோட்டர்வேன் நிற்கிறது.
வாட்டுத் தொட்டியில் பதினோராயிரம் கிலோ இலை
வாட வேண்டிய அளவுக்கு வாடி
அதற்கு மேலும் வாடிக்கொண்டிருக்கிறது.
ஆல்துரை மணிக்கொரு தரம் கூப்பிடுகிறார்:
"யோகமலர், ஆச்சா?"
ஆச்சு என்று நான் சொன்னால் போதுமா,
அறுபது ஹெச்ஆர்சி சொல்ல வேண்டாமா.

அரம் வைத்தால் வழுக்குகிற எஃகு,
கண்ணாடியில் நகம் போல.
கூலன்ட் விடக்கூடாது,
விட்டால் சூட்டில் ஈரம் பட்டு முனை விண்டுபோகும்.
பட்டறைக்கு வெளியே பதினொரு டிகிரி, மூடுபனி.
உள்ளே, ஒரு கடுகு அளவு இடத்தில், ஆயிரம்.
சுருள் சிவந்து கிளம்பி
தட்டில் விழுவதற்குள் சாம்பல் நிறமாகிவிடும்.

தேய்வது முதலில் காதுக்குத்தான் தெரியும்.
பட்டு கிழிவது போல ஓடிய சத்தத்தில்
ஒரு தொண்டைக் கரகரப்பு.
அப்புறம் ஷாஃப்டில் ஒரு மினுமினுப்பு வரும்,
அதை நம்பக்கூடாது.
மழுங்கின முனையும் மினுக்கும்,
வெட்டாமல், தேய்த்தே.

கடைசிக்கு முந்தின ஓட்டம் முடித்து அளந்தேன்.
இந்தக் கோடியை விட அந்தக் கோடி
பன்னிரண்டு மைக்ரான் பெருத்திருந்தது.
நூற்றியெண்பது மில்லிமீட்டர் நடந்ததில்
முனை ஆறு மைக்ரான் பின்வாங்கியிருக்கிறது;
அது விட்ட இடத்தைச் சுற்றி வளைத்து
ஷாஃப்ட் எடுத்துக்கொண்டது.
லைன் வீட்டுக்குப் பின்னால் எங்கள் காரட் பாத்தி வரப்பும்
இப்படித்தான்
வருஷத்துக்கு ஒரு விரக்கடை
செபமாலை வீட்டுப் பக்கம் பெருக்கிறது.

லென்ஸில் பார்த்தேன்: பூஜ்யம் புள்ளி இருபத்திரண்டு.
பூஜ்யம் புள்ளி மூன்று வந்தால் தூக்கிப் போடு என்கிறது அட்டவணை.
எண்பது மைக்ரான் ஆயுசு,
ஒரே ஒரு ஓட்டம்.

முனை இனி எங்கெங்கே எவ்வளவு குறையும் என்று
குறைவதற்கு முன்பே எழுதினேன்:
போகப் போக விட்டத்தில் பதினான்கு மைக்ரான் உள்ளே இறங்கு.
நேர்க்கோடு வேண்டுமானால்
கோணலாகத்தான் போகச் சொல்ல வேண்டும்.
வேகத்தையும் கொஞ்சம் தணித்தேன்.
பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டு
கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன்,
எதையாவது திருகிவிடாமல் இருக்க.

பாதியில் ட்யூப்லைட் ஒருமுறை கண் சிமிட்டியது.
மரம் எங்காவது கம்பியில் சாய்ந்திருக்கும்.
ஸ்பிண்டில் நிற்கவில்லை.
நான்தான் மூச்சு விடவில்லை.

மூன்று மைக்ரான் வித்தியாசம்.
பேரிங்குக்கு அது தெரியாது.
எனக்குத் தெரியும்.

சாக்கில் சுற்றி ஜீப்பில் ஏற்றியனுப்பிய பிறகு
நாலாவது முனையை லென்ஸுக்கடியில் வைத்தேன்.
புள்ளி முப்பத்தொன்று.
பொட்டு வைத்தேன்.

டப்பா மறுநாள் வந்தது.
திறந்ததும் மூடிவிட்டேன்,
அத்தனை கூரைப் பார்க்க ஏனோ கூச்சமாக இருந்தது.
கூடவே ஆல்துரை கொடுத்தனுப்பியிருந்தார்
அன்றைக்கு அரைத்த தூளில் கால் கிலோ.
கொதிக்கவைத்தோம். சாயமே இறங்கவில்லை.
இன்னும் ஒன்றரை ஸ்பூன் போட்டு,
சர்க்கரையும் கூட்டிக்
குடித்தோம்.