ஒரே துளை

டார்ட்டு நகரத்தின் கடைசிப் பேருந்தைப்
பணிமனையில் விட்டுவிட்டுப்
பன்னிரண்டே முக்காலுக்கு வீடு வருகிறேன்.
காலணிப் பனி உருகிக்
கதவடியில் சின்னதாய் ஒரு குளம்.
என்னிடம் இருப்பது நாற்பது நிமிடம்.
அதற்குமேல் கண் சொருகிவிடும்.

கன்சோலுக்கு இது தெரியும்.
ஒரு பொத்தான்.
நேற்று எந்த மதில்மேல் நிறுத்தினேனோ
அதே மதில்மேல், அதே மழையில்,
குதிக்கக் காலெடுத்தபடி நிற்கிறாள் என் வில்லாளி.
எங்கே போயிருந்தாய் என்று கேட்பதில்லை.
தட்டை வைத்துவிட்டு
விலகிக்கொள்கிற பெட்டி அது.

ராய்வோவின் கணினி அப்படியல்ல.
சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே
பீரோவின் தம்பிபோல் நிற்கிறது.
கண்ணாடி வயிற்றுக்குள் நீலமும் ஊதாவும்,
கிறிஸ்துமஸ் போய் மூன்று மாதமாகியும்
கழற்றாத விளக்குச் சரம்.
எழுப்பினால் முதலில் ஒரு புதுப்பிப்பு.
பிறகு இன்னொரு புதுப்பிப்பு.
பிறகு சத்தம் தொலைக்காட்சிக்கு வராமல்
வீட்டில் இல்லாத ஒரு ஸ்பீக்கரைத் தேடிப் போகும்.
விசைப்பலகையை மடியில் ஏந்தி,
மவுஸை ரொட்டிப் பலகையில் ஓட்டி,
மூன்று மீட்டருக்கு அப்பால் எறும்பாய் ஊரும் எழுத்தைக்
கண்ணை இடுக்கிப் படிப்பான்.
விசிறிகள் இரையும்.
கீழ்வீட்டு ஹெல்வே படியில் நிறுத்திக் கேட்டாள்:
"ராத்திரியில்தான் துணி துவைப்பீர்களா?"

"உன்னுடையது விடுதிச் சாப்பாடு," என்பான்,
"போட்டதைத் தின்ன வேண்டும்.
ஒவ்வொரு கவளத்துக்கும் எழுபது யூரோ."
"உன் கிராபிக்ஸ் கார்டு ஆனை விலை குதிரை விலை.
நீ சமைத்து முடிப்பதற்குள்
எனக்குப் பசியே செத்துவிடும்," என்பேன்.

தொலைக்காட்சிக்குப் பின்னால் துளைகள் இரண்டு.
ஒன்று செத்து ஓராண்டு.
ஓர் உறையில் இரண்டு வாள் என்பார்கள்.
எங்கள் வீட்டில் உறையும் பாதிதான்.
நள்ளிரவில் சுவரோடு கன்னம் ஒட்டி,
விரலால் தடவித் தேடி,
அவன் கம்பியைப் பிடுங்கி என் கம்பியைச் செருகுவேன்.
விடியலில் அவன் மாற்றிச் செருகியிருப்பான்.
இதைப் பற்றி மட்டும்
நாங்கள் ஒருநாளும் சண்டை போட்டதில்லை.

மார்ச் கடைசியில்
மரம் அறுக்கும் ஆலையில்
ரம்பம் அவன் வலக்கையிலிருந்து
சுட்டுவிரலையும் நடுவிரலையும் எடுத்துக்கொண்டது.

கட்டுப் பிரித்த வாரம்
என் கண்ட்ரோலரை எடுத்துப் பார்த்தான்.
கட்டைவிரல் குச்சியின்மேல் ஒழுங்காக உட்கார்ந்தது.
தோள்பட்டையில் இரண்டு பொத்தான்கள்
ஆள் வராத கவுண்ட்டர்கள்.
அமைப்புகளுக்குள் போய் இடம் மாற்றித் தந்தேன்.
அது அனுமதித்த அளவு
அவனுக்குப் போதவில்லை.
கவிழ்த்து வைத்துவிட்டுக்
காபி போடப் போனான்.

அதற்கப்புறம் ஏப்ரல் முழுவதும்
சோபாவில் ஈய வாசனை.
ஹெல்வே தன் தையல் இயந்திரத்தின் மின்மிதியைக்
கொண்டுவந்து கொடுத்தாள்.
"இதனால் இரைச்சல் கூடாதே?"
என்று மட்டும் கேட்டாள்.
அதை அறுத்து, ஒட்டி, யுஎஸ்பி வால் வைத்து,
மூன்று நாள் எதையோ எழுதி அழித்து எழுதி,
கடைசியில்
அவன் வலதுகால் சுடத் தொடங்கியது.
கணினி ஏன் என்று கேட்கவில்லை.
காலா, சரி, கால் என்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மிதித்துப் பார்த்தேன்.
வாரம் ஆறு நாள் மிதிக்கிற கால்.
எதிரி வந்தான், மெல்ல மெல்ல அழுத்தினேன்,
நின்றுகொண்டிருப்பவர்கள் விழுந்துவிடாதபடி.
"பிரேக் போடாதே, சுடு!" என்று
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான் ராய்வோ.
அந்தக் கையால்தான் பிடித்துக்கொண்டான்.

திங்கள் இரவு.
பன்னிரண்டே முக்கால்.
சுவரோடு கன்னம்.
அவன் கம்பியைப் பிடுங்கினேன்.
நாற்பது நிமிடம் என்றால் நாற்பது நிமிடம்தான்.

விளக்குப் போடாமல் சோபாவுக்கு வரும்போது
தரையில் அந்த மிதி எங்கே கிடக்கிறது என்று
காலுக்குத் தெரிந்திருந்தது.
சுற்றிக்கொண்டு வந்தேன்.