ஏழு வெண்டைக்காய், முப்பத்து நான்கு பேர்

என் தமிழ் வகுப்பில் பதினோரு பேர்தான்.
ஆகையால் எனக்கு நேரம் நிறைய என்று
தலைமையாசிரியை முடிவுகட்டி
கழிப்பறைக்குப் பின்னாலிருந்த நிலத்தை
என் தலையில் வைத்தார்.
காய்கறியை நான் அறிந்ததெல்லாம்
ஞாயிற்றுச் சந்தையில்,
அரை ராத்தல், கால் ராத்தல்.

ஷெமின் க்ரெனியேயில் மண்ணைத் தோண்டினால்
முதல் விளைச்சல் கல்.
எரிமலை எப்போதோ விதைத்துவிட்டுப் போனது.
இருநூற்றுப் பதினான்கு என்றான் தேவராசென்.
இருநூற்றுப் பதினாறு என்றாள் ஒசேயான்.
அந்த இரண்டு கல்லுக்காக
ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆளுயரக் கரும்பு.
அதற்கு அந்தப் பக்கமும் கரும்பு.
அப்புறம் கடல்.

கத்தரி வைத்தோம், வெண்டை விதைத்தோம்.
முருங்கைப் போத்து ஒன்றை நட்டு
பலகையில் "முருங்கை" என்று எழுதினேன்.
"தப்பு மிஸ், அது முரூம்" என்றாள் ஒசேயான்.
"எங்கள் சொல்லை ஏன் நீட்டுகிறீர்கள்?"
எந்தச் சொல் எந்தக் கப்பலில் வந்தது என்று
விளக்க வாய் திறந்தேன்.
அவள் வீட்டில் வாரம் இருமுறை அந்தக் கீரை.
என் வீட்டில் மாதம் ஒருமுறை.
மூடிக்கொண்டேன்.
பிறகு மழை வந்து கடைசி எழுத்தை அழித்தது.
பலகையில் இப்போது "முருங்" என்று நிற்கிறது,
இருவருக்கும் பாதி வழியில்.

பிப்ரவரியில் புயல். மூன்றாம் எண் எச்சரிக்கை.
நான்கு நாள் பள்ளிக்கூடம் பூட்டு.
திரும்பி வந்தபோது கத்தரி இல்லை.
வெண்டையை மறுபடி விதைத்தோம்;
முளைத்ததைத் தேடி
கைமுட்டி அளவில் நத்தைகள்.
ஒரே காலையில் வாளியில் ஐம்பத்து மூன்று.
"இதுவும் பசித்துத்தானே வந்தது?"
ஸாஹிர் கேட்டான்.
வாளியை யார் எடுத்துப் போனார், எங்கே கொட்டினார்
என்பதை இங்கே எழுத மாட்டேன்.

மழை விடாத ஒரு வியாழக்கிழமை
உலகப் படத்தில் நூல் கட்டினோம்,
முந்தின நாள் தட்டில் இருந்ததெல்லாம்
எங்கிருந்து வந்தது என்று.
அரிசியும் வெங்காயமும் இந்தியா.
பால்மாவு நியூசிலாந்து.
பருப்பு எங்கோ கனடாப் பக்கம்.
நூலெல்லாம் வந்து கூடிய இடத்தில்
எங்கள் தீவைக் காணோம்.
குண்டூசியின் தலை அதைவிடப் பெரிது.

"என் அப்பா ஏற்றிக்கொண்டு போவது?"
தேவராசெனின் அப்பா கரும்பு லாரி ஓட்டுகிறார்.
அவன் நூல் மட்டும் வெளியே போனது,
ஐரோப்பா வரைக்கும், விறைப்பாக.
விரலால் சுண்டிப் பார்த்தான்.

ஏப்ரலில் காய்த்தது.
ஏழு வெண்டைக்காய், முப்பத்து நான்கு பேர்.
சமையலறைக் கத்தியை இரவல் வாங்கி
வட்டம் வட்டமாக நறுக்கினேன்,
வட்டத்துக்குள் ஐந்து முனையாய் விதை அறைகள்.
ஆளுக்கு இரண்டு.
இரண்டு பேருக்கு மூன்று போயிருந்தது;
அவர்கள் அதை வெளியே சொல்லவில்லை.

நான்கு பேர் துப்பினார்கள்.
"நத்தை மாதிரி வழுக்குது" என்றது பின்வரிசை.
காய் என்றாலே முகம் சுளிக்கும் யான்லூக்
நிதானமாக மென்று முடித்து
"இதுக்கா மிஸ், இரண்டு மாசம்?" என்றான்.
ஆமாம் என்றேன்.
மற்ற துண்டைத் தின்னவில்லை.
சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஸாஹிர் படத்தருகே நூலோடு நின்றான்.
பாத்தியிலிருந்து வாய் வரைக்கும்
நாற்பத்தோரு அடி, நடந்து அளந்திருந்தான்.
படத்தில் அதற்கு இடமில்லை,
புறப்படும் ஊசியும் சேரும் ஊசியும் ஒன்றுதான்.
முடிச்சை மட்டும் போட்டான்.

திங்களன்று குப்பைக்கூடையை எண்ணினேன்.
வறுவல் பொட்டலம் இருபத்தொன்று.
முந்தின வாரம் இருபத்து மூன்று.
அந்த இரண்டைப் பற்றி
தலைமையாசிரியையிடம் சொல்லவில்லை.

செடியில் எட்டாவது காய் ஒன்று
முற்றிப் போய்த் தொங்குகிறது.
இலைக்குப் பின்னால் இருந்ததால்
எங்கள் கண்ணில் படவில்லை,
நத்தை கண்ணிலும்.