காற்று பற்றிய ஷரத்து

செங்கடலின் தொண்டைக்குழியில் ஒரு துறைமுகம்.
ரொப்லே அங்கே பைலட்.
கொடி எந்த நாட்டுடையதானாலும்
கடைசி மூன்று மைல் அவனுடையது.

இருபத்திரண்டு வருஷமாக
ஆடுகிற நூலேணியில் ஏறுகிறான்.
பவளத்திட்டு எங்கே பல்லைக் காட்டும்,
எந்த மாதம் நீரோட்டம் இடப்பக்கம் இழுக்கும்,
எல்லாம் அவன் முழங்காலுக்குத் தெரியும்.

கடன் வந்தபோது தோரணம் கட்டினார்கள்.
புதுக் கிரேன்களுக்குக் கீழே
பள்ளிப் பிள்ளைகளை நிறுத்திக்
கைதட்டச் சொன்னார்கள்.
அவன் மகள் ஹிபோவும் தட்டினாள்.
அன்று அவளுக்கு ஏழு வயது,
வட்டி பிறந்திருக்கவில்லை.

இப்போது அவளுக்குப் பதினைந்து.
வட்டி அவளைவிட உயரம்.

நான் எழுதுகிற மொழியில்
கடலுக்கும் கடனுக்கும்
ஒரு மெய்யெழுத்துதான் வித்தியாசம்.
ரொப்லேவுக்கு அது தெரியாது.
அவனுக்குத் தெரிந்தது,
கடல் ஏறினால் ஆறு மணி நேரத்தில் இறங்கிவிடும்.

மூன்றாம் வாசலில் புது அட்டை கொடுத்தார்கள்.
பெயர், புகைப்படம், ரத்த வகை.
கீழே சிவப்பில்: பார்வையாளர்.

நிதி அமைச்சகத்தில் வேலை பார்க்கிற மச்சான் வைஸ் சொன்னான்:
"விற்கவில்லை. குத்தகைதான்."
"எத்தனை வருஷம்?"
வைஸ் டீயில் சர்க்கரை போட்டுக் கலக்கினான்.
வெகுநேரம் கலக்கினான்.

பிப்ரவரியில் ஒரு கோதுமைக் கப்பல்
வெளியே நங்கூரமிட்டுப் பதினொரு நாள் நின்றது.
மேட்டுநிலத்தில் மழை பொய்த்த மூன்றாவது வருஷம்.
காலி லாரிகளின் நிழலில்
ஓட்டுநர்கள் காத் இலை மென்றுகொண்டிருந்தார்கள்.
இரண்டாம் தளமும் காலிதான்.
ஆனால் யார் முதலில், யார் பிறகு என்பது
இங்கே விடியுமுன்பே
மதியச் சாப்பாடு முடிந்துவிடுகிற ஒரு நகரத்தில்
முடிவாகிறது.

அன்றும் தொலைபேசி சொன்னது:
முதலில் கன்டெய்னர் கப்பல்.

ரொப்லே ரேடியோவை எடுத்தான்.
"காற்று இருபத்தெட்டு நாட். பெரியது திரும்பாது.
சின்னதைக் கொண்டுவருகிறேன்."

சமையல் கொட்டகைப் புகை
ஊசிபோல் நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.
படகோட்டி ஃபராஹ் அதைப் பார்த்தான்,
ரொப்லேவைப் பார்த்தான்,
வேகத்தைக் கூட்டினான்.

ஒப்பந்தம் நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
மண், ஆழம், இரும்பு, சுங்கம், இரைச்சல்,
தகராறு என்றால் எந்த ஊர் நீதிமன்றம் என்பதுவரை
எல்லாம் இருந்தது.
காற்றை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

மறுநாள் விடியும்வரை மூட்டைகள் இறங்கின.

அடுத்த மாதமே
கட்டுப்பாட்டுக் கோபுர உச்சியில்
மூன்று கிண்ணம் வைத்த காற்றுமானி சுழன்றது.
அளவு நேராக அந்த நகரத்துக்குப் போகிறது.
அதன் விலையையும் கடனில் சேர்த்திருக்கிறார்கள்.

இன்று ஒரு கடற்புறா அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது,
ஒரு கிண்ணத்தைக் காலால் மிதித்தபடி.
கொட்டகைக் கூரைத் தகடு
பிய்த்துக்கொண்டு பறக்கிறது.
"முப்பத்தைந்து நாட்" என்கிறான் ரொப்லே.
"எங்களுக்குப் பூஜ்யம் காட்டுகிறது.
கொண்டுவாருங்கள்."

முந்நூறு மீட்டர் கப்பல்.
அதன் விலாவில் நூலேணி
கடலுக்குப் படுக்கையாகப்
பறந்துகொண்டிருக்கிறது.
ரொப்லே கையை நீட்டுகிறான்.