ஈரப்பதம்

பதினேழுக்கு மேல் போனால்
நெல்லைத் திருப்பி அனுப்ப வேண்டும்.
இன்றைக்கு இருபத்தொன்று காட்டுகிறதாம் மெஷின்.
டெல்லியிலிருந்து வந்தவர்கள்
உள்ளங்கையில் அள்ளிப் பார்த்துவிட்டுப் போய்
பதினொரு நாள்,
தளர்த்தி உத்தரவு வரவில்லை.
எல்லாம் போனில் சொல்லி முடித்துவிட்டு
"பால் குடிச்சானா?" என்கிறார்.

குடித்தான். கக்கினான். மறுபடி குடித்தான்.

பதினொரு நாளாக இங்கேயும் எதுவும் காயவில்லை.
ஜன்னல் கம்பியில், கதவின் முதுகில்,
கொஞ்சம் சூடிருக்குமே என்று
பிரிட்ஜின் பக்கவாட்டில்
கிழித்த வேட்டித் துண்டுகள்.
தோசைக்கல்லைக் காயவைத்து
ஒன்றை அதன்மேல் தூக்கிப் பிடித்தேன்.
ஓரம் கருகிவிட்டது.
"பாப்பாவுக்குத் தோசையாம்மா?" என்றான் நன்மாறன்.

நன்மாறனுக்கு மூன்று வயது.
மூன்று வாரமாக அவனும் பாப்பாதான்.
பரணில் கிடந்த பழைய பாட்டிலை இறக்கித் தந்தால்தான்
தண்ணீர் இறங்குகிறது.
நேற்று பாத்ரூமுக்குத் தவழ்ந்தே போனான்.
தூக்கு என்கிறான்,
தூக்கினால் தையல் இழுக்கிறது.
சுவரில் சாய்ந்து
ஒரு தொடையில் அவன், ஒரு தொடையில் இவன்,
எந்தக் கால் முதலில் மரத்துப்போனது என்று
எனக்கே தெரியவில்லை.

இவன் வர அவசரப்பட்ட அன்று
நீடாமங்கலத்தில் கேட் போட்டிருந்தது.
மன்னார்குடிக்குப் போகிற ஆட்டோவில் நான்,
எதிரே சரக்கு ரயில், முழுக்க நெல்.
வலி வரும்போதெல்லாம் பெட்டிகளை எண்ணினேன்.
நாற்பத்திரண்டு.
முப்பதாவது பெட்டியில் இவர் குனிந்து
"நம்ம சென்டர் மூட்டையும் இதுலதான் போவுது" என்றார்.
அடித்திருப்பேன்.
கை அவர் கைக்குள் மாட்டியிருந்தது.

இன்று பள்ளிக்கூடம் லீவு.
கலெக்டர் விட்டதாம்,
மகிழ்நிலா அவரைத் தெரிந்தவள் மாதிரி சொல்கிறாள்.
ஒன்றாம் வகுப்பு.
அப்பா பையிலிருந்து கார்பன் தாளை உருவி
பாயில் உட்கார்ந்து கொள்முதல் நிலையம் திறந்தாள்.
விவசாயி பெயர்: அம்மா.
மூட்டை: 1.
எடை?
"மூணு கிலோ நூறு" என்றேன்,
செவ்வாய்க்கிழமை நர்ஸ் எடை போட்டுச் சொன்னது.
துணிக்கடியில் கைவிட்டுப் பார்த்து
மூக்கைச் சுருக்கினாள்.
ஈரம்: 100.

"எடுக்க முடியாது. திருப்பி எடுத்துட்டுப் போங்க."
"எங்கேம்மா எடுத்துட்டுப் போறது?"
பேனாவைக் கடித்து யோசித்தாள்.
"வயித்துக்கே."

சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது.
அவள் சிரிக்கவில்லை.
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், ரெண்டு நாள் வெயில் அடிக்கட்டும் சார்,
காயவெச்சுக் கொண்டாரேன்.
தூரத்துலேர்ந்து வந்திருக்கேன் சார்,
வண்டி வாடகை வேற."
நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள்.
இன்னொரு தாளில் கோடு போட்டாள், அழித்தாள்.
"சரி. ஓரமாப் போட்டு வைங்க.
நனையாம மூடி வைங்க."
பிறகு அவளே எழுந்துபோய்
யாரும் தொடக்கூடாத தன் ரோஸ் மழைக்கோட்டை
கொக்கியிலிருந்து எடுத்துவந்து மூடினாள்.
முகம் மட்டும் வெளியே.

அவர் வரும்போது மணி பதினொன்று.
உடம்பெல்லாம் சுணை,
கழுத்து மடிப்பில் உமித் தூள்.
குளிக்காமல் பிள்ளையைத் தொடக்கூடாது,
வாசற்படியிலேயே நின்று எட்டிப் பார்க்கிறார்.
"என்ன இது, குதிகால் நீலமா இருக்கு?"
பதறிவிட்டார்.
"கார்பன்" என்றேன்.
"அதை எடுத்தது யாரு?
நாளைக்கு நாப்பது சிட்டா போடணும்" என்று
குரலை உயர்த்தப் போனவர்
மழைக்கோட்டைப் பார்த்தார்.

கூரைத் தகரத்தில் ஒன்று, இரண்டு,
அப்புறம் எண்ண முடியவில்லை.
சட்டையைக் கழற்றக்கூட இல்லை.
டார்ச்சோடு திரும்பிப் போனார்,
தார்ப்பாய் ஒரு மூலையில் கட்டவில்லையாம்.

இருட்டில் கைவிட்டுப் பார்க்கிறேன்.
நனைத்திருக்கிறான்.
காய்ந்த துணி வீட்டில் ஒன்றே ஒன்று.
அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு
பாட்டிலோடு தூங்குகிறான் நன்மாறன்.